டீசல் வேண்டாம்ப்பா! (கிரெட்டாவும் 1500 சிசி வேலியும்)

எந்த வண்டின்னு முடிவாகி ரெண்டு மாசம் ஆச்சு. ஹூண்டாய் கிரெட்டா. அம்மாவுக்கு முட்டி வலி, தாழ்வான கார்ல குனிஞ்சு ஏறி இறங்க முடியல. ஐப்பசி கார்த்திகை மழையில காரைக்கால்ல எங்க தெருவுல நிக்கிற தண்ணியைப் பார்த்தவங்களுக்கு மீதிக் காரணம் சொல்லத் தேவையில்லை. அப்பா, அம்மா, நான் மூணு பேரும் ஒரே விஷயத்துல ஒத்துப்போறது எங்க வீட்டு வரலாற்றிலேயே அபூர்வம். ஷோரூம்ல "எந்த எஞ்சின் சார்?"னு கேட்ட நிமிஷத்தோட அந்த ஒற்றுமை முடிஞ்சுது.

"டீசல்" இது அப்பா.

"பெட்ரோல்" இது நான்.

அந்த ஷோரூம் பையன் பாவம், விலைப் பட்டியலை ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சுட்டு தண்ணி குடிக்கப் போயிட்டான்.

நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு சென்னையில பொட்டி தட்டுறவன். படிச்ச படிப்புக்கும் புடுங்குற ஆணிக்கும் சம்பந்தமே இல்லை. தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தை மறுபடி தொட ஆறு வருஷத்துல கிடைச்ச முதல் சான்ஸ் இது, விடுவேனா? அதான் இந்தப் பதிவு. கார் பத்தி ஆர்வம் இல்லாதவங்க நேரா கடைசிப் பத்திக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

அப்பா ஏன் டீசல்னு நிக்கிறார்ங்கிறதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். நெடுங்காடு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். காவிரித் தண்ணி வராத வருஷங்கள்ல வயலைக் காப்பாத்தினது ஆயில் எஞ்சின். கைப்பிடியைப் போட்டுச் சுத்தி, மூச்சு வாங்கி, 'டுப் டுப் டுப்'னு அது பிடிச்சுக்கிட்டதும் அப்பா முகத்துல வர்ற சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அவருக்கு டீசல்னா வேலை செய்யறது, பெட்ரோல்னா மொபெட்டுக்கு ஊத்தறது. இப்ப வெச்சிருக்கிற பழைய டீசல் காரும் 13 வருஷமா அவரைக் கைவிட்டதே இல்லை. போதாக்குறைக்கு நிரவியில ஓஎன்ஜிசி இருக்கிற ஊர். சின்ன வயசுல இருந்து நான் பார்த்த ஜீப் எல்லாம் டீசல்தான். அவரைச் சும்மா "பழைய ஆளு"ன்னு ஒதுக்க முடியாது. அவர் நம்பிக்கைக்குப் பின்னாடி நாப்பது வருஷ அனுபவம் இருக்கு.

பிரச்சினை என்னன்னா, அவர் நம்புற டீசல் இப்ப விற்பனையில இல்லை. கிரெட்டாவோட எஞ்சின் பட்டியலை மட்டும் வரிசையா எடுத்து வெச்சாலே இது புரிஞ்சிடும்.

முதல் தலைமுறை 2015 ஜூலையில் வந்தது. மூன்று எஞ்சின்கள். 1.6 லிட்டர் பெட்ரோல், 123 குதிரைத்திறன். 1.4 டீசல், 90 குதிரைத்திறன். 1.6 டீசல், 128 குதிரைத்திறன், 260 நியூட்டன் மீட்டர் டார்க். இந்தக் கடைசி எஞ்சினை ஓட்டினவங்க இன்னைக்கும் பழைய காதலி மாதிரி அதைப் பத்திப் பேசுவாங்க. ஒரு நண்பனோட வண்டியில கடலூர் தாண்டி ஒரு தடவை ஓட்டியிருக்கேன். கியர் குறைக்காமலே லாரியைத் தாண்டும்.

இரண்டாம் தலைமுறை 2020 மார்ச்சில். 1.5 பெட்ரோல், 115 குதிரைத்திறன். 1.5 டீசல், அதுவும் 115, டார்க் 250. கூடவே 1.4 டர்போ பெட்ரோல், 140. மூணு வருஷத்துல அந்த 1.4 டர்போ போயிடுச்சு. 2024 ஜனவரியில் முகத்தை மாத்தினப்போ அந்த இடத்துக்கு 160 குதிரைத்திறன் 1.5 டர்போ வந்தது. 2025 ஜனவரியில் மின்சார கிரெட்டா.

இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? சாதாரண பெட்ரோல் 123-ல இருந்து 115-க்கு இறங்கியிருக்கு. பெரிய டீசல் 128-ல இருந்து 115-க்கு. புது மாடல்னா பவர் கூடும்னுதானே நாம நினைக்கிறோம்? சன்ரூஃப் பெருசாச்சு, திரை பெருசாச்சு, பெரும்பாலான ஜனங்க வாங்குற எஞ்சின் மட்டும் சின்னதாச்சு.

கம்பெனியைத் திட்டலாம்னுதான் எழுத உட்கார்ந்தேன். தோண்டிப் பார்த்தா வேர் டெல்லியில இருக்கு.

2006 பட்ஜெட்டில் நம்ம சிவகங்கைக்காரர் ப. சிதம்பரம் சின்ன காருக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 ஆகக் குறைத்தார். சின்ன கார் என்றால் என்ன? நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அன்னையில இருந்து இந்தியாவுல கார் டிசைனர் கையில பென்சிலுக்கு முன்னாடி இஞ்ச் டேப் வந்துடுச்சு. 2013 பட்ஜெட்டில் அதே சிதம்பரம் எஸ்யூவிகளுக்கு வரியை 27-ல் இருந்து 30 ஆக்கினார். அங்கே எஸ்யூவி என்றால் 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் எஞ்சின், தரையில் இருந்து 170 மில்லிமீட்டராவது உயரம். மூணும் சேர்ந்தாத்தான் எஸ்யூவி. ஒண்ணு குறைஞ்சாலும் தப்பிச்சே.

இதுல ஒரு வேடிக்கை. நடுத்தர எஸ்யூவி என்ற கடையை இங்கே திறந்து வைத்தது 2012-ல் ஒரகடத்தில் இருந்து வந்த ரெனோ டஸ்டர். அதன் டீசல் 1461 சிசி. அந்த ஒரே எஞ்சினை 85, 110 என்று இரண்டு பவரில் விற்றார்கள். அதன் பெட்ரோல் 1598 சிசி. ஆக அதே டின், அதே சீட்டு, அதே உயரம், ஆனா 2013 சட்டப்படி பெட்ரோல் டஸ்டர் எஸ்யூவி, டீசல் டஸ்டர் எஸ்யூவி இல்லை! புகை அதிகம் விடுறதுக்கு வரி கம்மி. எந்த மகராசன் யோசிச்சானோ. (1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்த ஊர்க்காரன்ங்கிற முறையில டஸ்டர் மேல எனக்கு ஒரு பாசம் உண்டு. பெருசா காரணம் எல்லாம் கிடையாது.) 2020-ல் அந்த டீசலை நிறுத்தினார்கள், 2022-ல் அந்த டஸ்டரே போய்விட்டது.

முதல் கிரெட்டாவில் 1.4 டீசல் எதுக்கு இருந்ததுன்னு இப்பப் புரியுதா? 1.6 இரண்டும் வேலிக்கு அந்தப் பக்கம், 1.4 மட்டும் இந்தப் பக்கம். ஜிஎஸ்டி 2017-ல் வந்த பிறகும் வேலி அப்படியே. செப்டம்பரில் செஸ்ஸை ஏத்தின பிறகு 1500 சிசிக்குள் இருந்தால் மொத்தம் 45 சதவீதம், தாண்டினால் எஸ்யூவிக்கு 50. அடுத்த தலைமுறை வர்றப்போ மூணு எஞ்சினும் 1500-க்குள்ள வந்து அடக்க ஒடுக்கமா உட்கார்ந்துக்கிச்சு. தற்செயலா? நான் நம்பல. இதுல பிஎஸ் 6 விதிக்கும் பங்கு உண்டு, நியாயமாச் சொல்லணும். 2020 ஏப்ரல் 1-க்குள் 1.4, 1.6 இரண்டு டீசலையும் தனித்தனியா சுத்தப்படுத்துறதைவிட நடுவுல ஒண்ணா அடிச்சுடறது எந்தக் கம்பெனிக்கும் லாபம்தான். ஆனா அந்த ஒண்ணு ஏன் 1.6 ஆகாம 1.5 ஆச்சுன்னு கேட்டா, பதில் வரி அட்டவணையில இருக்கு.

மஹிந்திரா கதை இதைவிட ஜோர். 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் டெல்லியில் 2000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிய தடை போட்டது. அடுத்த மாசமே ஸ்கார்ப்பியோவில் 1.99 லிட்டர் எஞ்சின் ரெடி! புரோகிராமர் பாஷையில சொன்னா, டெஸ்ட் கேஸுக்குன்னே எழுதின கோடு.

இப்போதைய செய்தி என்னன்னா, அந்த 1500 வேலி கிரெட்டா சைஸ் வண்டிக்கு இல்லாமலே போயிடுச்சு. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து புது ஜிஎஸ்டி. சின்ன காருக்கு 18, மத்த எல்லாத்துக்கும் 40. நாலு மீட்டரைத் தாண்டின வண்டிக்கு 1.5 போட்டாலும் 40தான், 1.6 போட்டாலும் 40தான். அதனால கம்பெனிக்காரங்க இனிமே "வரிதான் காரணம்"னு சொல்ல முடியாது. டர்போ வேணும்னு 160-க்குப் பணம் கட்டுறவன் கட்டட்டும். சாதாரண பெட்ரோல் வாங்குறவனுக்குப் பழைய 123-ஐ எப்பத் திருப்பித் தரப்போறீங்க? எனக்குத் தெரிஞ்சு யாரும் இதைக் கேட்கல. எல்லாரும் விலை எவ்வளவு குறைஞ்சுதுன்னு பார்த்துட்டு சும்மா இருந்துட்டோம், நானும்தான்.

நிற்க. அப்பாவோட டீசலுக்கு வருவோம்.

அவரோட பழைய காரில் டிபிஎஃப் கிடையாது. பிஎஸ் 6 டீசல் கார் எல்லாத்துலயும் இருக்கு. புகைக்குழாயில் உட்கார்ந்து கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி அது. காபி வடிகட்டி மாதிரி, அடைச்சுக்கும். அடைச்சதைத் தட்டிக் கொட்ட முடியாது, எரிச்சுத்தான் சாம்பலாக்கணும். அதற்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். ஹைவேயில் ஒரே வேகத்தில் போனால் பெரும்பாலும் தானாக நடந்துவிடும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அந்தச் சூடு வராது. அப்போ எஞ்சின் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, வேணும்னே புகையைச் சூடாக்கும். பாதியில் நீங்கள் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டால் வேலை அரைகுறை. இப்படி அடிக்கடி ஆனா எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி எஞ்சின் ஆயில்ல கலக்கும். அதுக்கு மேல செலவுதான்.

இப்ப அப்பா ஒரு நாள்ல வண்டி எடுக்கிற லட்சணத்தைப் பாருங்க. வீட்ல இருந்து மார்க்கெட், பாரதியார் சாலையில ஒரு மருந்துக்கடை, திரும்பி வீடு. மொத்தம் நாலு கிலோமீட்டர். வாரத்துக்கு ரெண்டு நாள் நெடுங்காடு வயல், அதுவும் கால் மணி நேரம். எங்க மாவட்டமே 160 சதுர கிலோமீட்டருக்குள்ள அடங்கிடும். எஞ்சின் நல்லாச் சூடாகி 'சரி, இனி சுத்தம் பண்ணலாம்'னு நினைக்கிறதுக்குள்ள வீடு வந்துடும்.

இது வெறும் தியரி இல்லை. திருமலைராயன்பட்டினத்துல எங்க மாமா 2021-ல ஒரு டீசல் எஸ்யூவி எடுத்தார். (கிரெட்டா இல்லை. எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.) வீட்டுக்கும் கடைக்கும் மூணு கிலோமீட்டர். எட்டாவது மாசம் டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் விளக்கு எரிஞ்சுது. சர்வீஸ் சென்டர்ல, "ஹைவேல அரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டுங்க, தானா அணைஞ்சிடும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. மாமா வாஞ்சூர் தாண்டி, நாகூர் தாண்டி, நாகப்பட்டினம் தாண்டிப் போய்க்கிட்டே இருந்திருக்கார். விளக்கு அணைஞ்ச இடம் வேளாங்கண்ணி! அத்தைக்கு இது மாதாவோட புதுமைதான்னு இன்னைக்கு வரைக்கும் நம்பிக்கை. அதுல இருந்து மாசம் ஒரு தடவை குடும்பத்தோட வேளாங்கண்ணி. மெழுகுவத்தி ஒண்ணு ஏத்தி, டிபிஎஃப் விளக்கை அணைச்சுட்டு வர்றாங்க. அத்தை சந்தோஷமா இருக்காங்க. மாமாதான் டீசல் கணக்கு எழுதுறதை விட்டுட்டார்.

கணக்குன்னதும் ஞாபகம் வருது. டீசல் மலிவுங்கிறது அப்பாவோட அடுத்த வாதம். 2012-ல அது நிஜம். லிட்டருக்கு முப்பது ரூபாய் வரைக்கும் வித்தியாசம் இருந்த காலம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்தாச்சு, இடைவெளி சுருங்கிப்போச்சு. எங்க ஊர்ல வாட் வரி குறைவுங்கிறதால தமிழ்நாட்டைவிட சில ரூபாய் கம்மி, நாகூர்க்காரங்க எல்லை தாண்டி வந்து போட்டுட்டுப் போவாங்க. ஆனா அந்தச் சலுகை ரெண்டு எண்ணெய்க்கும்தானே.

கணக்குக்கு பெட்ரோல் 100, டீசல் 90ன்னு வெச்சுக்குவோம். கம்பெனி சொல்ற மைலேஜ், ரெண்டும் மேனுவல் கியர்: பெட்ரோல் 17.4, டீசல் 21.8. கிலோமீட்டருக்கு 5.75 ரூபாய்க்கு எதிரா 4.13 ரூபாய். மிச்சம் 1.62. ஒரே வேரியன்ட்ல டீசலுக்கு ஒன்றரை லட்சம் பக்கம் கூடுதல். அதைத் திருப்பி எடுக்க 92,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும். அப்பா வருஷத்துக்கு 8,000 ஓட்டினாலே பெரிய விஷயம். பதினோரு வருஷத்துக்கும் மேல. அப்பாவுக்கு இப்ப 64.

அந்த வயசை நான் வாய் விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. கணக்கு போடுற ஜோருல சொல்லிட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல.

என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிடறேன். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோலைவிட மூணில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும். அந்த எத்தனால்ல ஒரு பகுதி அரிசியில இருந்து வர்றது டெல்டாக்காரனுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு, அது வேற பதிவுக்கு. அதையும் சேர்த்துக் கணக்கு போட்டா பதினொண்ணு ஒன்பது ஆகலாம், நாலு ஆகாது. இதே டீசலை வருஷம் 20,000 ஓட்டுற ஒருத்தர் எடுத்தா நாலரை வருஷத்துல காசு திரும்பிடும், டிபிஎஃப்பும் சொன்ன பேச்சு கேட்கும். அவருக்கு நான் டீசல்தான் சொல்லுவேன். சென்னைக்கும் காரைக்காலுக்கும் வாராவாரம் வண்டியிலேயே வர்ற ஆளா நான் இருந்திருந்தா எனக்கும் டீசல்தான். நான் வர்றது பஸ்ல. வண்டி ராத்திரி தூங்கப்போறது எங்க வீட்டு வாசல்ல.

அந்த 1.5 டர்போ எனக்கு ஆசைதான், மறைக்க மாட்டேன். ஆனா கிரெட்டாவில் அதை டிசிடி கியரோடதான் தர்றாங்க, மேனுவல் வேணும்னா என் லைனுக்குப் போகணும். மாங்கனித் திருவிழா அன்னைக்கு பாரதியார் சாலையில முன்னாடி மூணு அடி, பின்னாடி ரெண்டு அடின்னு ஊர்ற அப்பாவுக்கு எதுக்கு உலர் கிளட்ச் டிசிடி? அது சூடாகும், அவர் அதுக்கு மேல சூடாவார்.

மின்சார கிரெட்டாதான் யோசிக்க வெச்சுது. 42 கிலோவாட் மணி பேட்டரிக்கே 390 கிலோமீட்டர்னு சொல்லித்தான் அறிமுகம் பண்ணாங்க. காரைக்காலுக்குள்ள சுத்தறதுக்கு அதைவிடப் பொருத்தமான எஞ்சின் உலகத்துலயே கிடையாது (எஞ்சினே கிடையாதுங்கிறது வேற). அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "கஜா புயல் மறந்துபோச்சா?" 2018 நவம்பர்ல வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாம இருந்துது. இங்க எங்க தெருவுல தண்ணி ஏத்தினது டீசல் ஜெனரேட்டர். வாயை மூடிக்கிட்டேன். விலையும் நமக்கு ஒத்து வரல.

ஆக மிஞ்சறது 115 குதிரைத்திறன், டர்போ இல்லாத 1.5 பெட்ரோல். பட்டியல்லயே சுவாரஸ்யம் கம்மியான எஞ்சின். இதைப் பத்தி யாரும் பழைய காதலி மாதிரி பேசப் போறதில்லை. மூணு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினாலும் கோவிச்சுக்காது, அவ்வளவுதான்.

நேத்து சாயங்காலம் அப்பா தானா ஆரம்பிச்சார். "ரெண்டையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன். பணம் என்னோடது, நீ வாயைத் திறக்காம பின்னாடி உட்காரு." நியாயம்தானே, ஓய்வூதியப் பணம். வர்ற சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ். டீசலை வேளாங்கண்ணி ரோட்ல ஓட்டணும்னு அவர், மார்க்கெட்டுக்குள்ள ஓட்டணும்னு நான். சனிக்கிழமை எந்த வண்டியா இருந்தாலும் திருநள்ளாறு பக்கம் மட்டும் எடுக்காதீங்க, கூட்டத்துல மாட்டிக்குவீங்கன்னு அம்மா.